கௌரியம்மாவும் கேரளத்து நிலச் சட்டமும்

கேரளத்தின் முதல் மந்திரிசபையில் வருவாய்த் துறையை ஏற்று நடத்தியவரும், 1952ல் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையில் நுழைந்தது முதல் 2006 வரை, ஓரிரு இடைவெளிகள் நீங்கலாக, மக்கள் பிரதிநிதியாக விளங்கியவருமான கே. ஆர். கௌரியம்மா, 2021ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி, நூற்றொரு பிராயம் கடந்த நிலையில் காலமானபோது, அவரைக் குறித்து எழுதியவர்களிற் பெரும்பாலோர் இரண்டு சம்பவங்களையே விரித்துரைத்தனர். கம்யூனிஸ்டுக் கட்சி 1964ல் பிளவுபட்டபோது அவரும் அவருடைய கணவர் டி. வி. தாமஸும் வெவ்வேறு கட்சிகளிற் சேர்ந்து பிரிந்து வாழ நேர்ந்தது ஒன்று. 1987ஆம் வருஷத் தேர்தலில் அவரே முதன்மந்திரியாவார் என்று நாடு எதிர்பார்த்திருக்க, வெற்றிக்குப் பின் அப்பதவி ஈ. கே. நாயனாருக்குச் சென்றது மற்றொன்று. இவை இரண்டும் நிகழ்ந்தவையே. அவற்றின் துயரத்தைக் குறைத்துக் கூற நான் முற்படவில்லை. ஆயினும், கிடைக்காத பதவியையும் நிலைக்காத தாம்பத்தியத்தையும் கொண்டே ஒரு சட்டசபை அங்கத்தினரின் வாழ்வை அளந்து முடிப்பது, அவர் அச்சபையில் என்ன செய்தார் என்று கேளாமலே விட்டுவிடுவதாகும். கௌரியம்மா செய்தது யாதெனில், ஒரு நிலச் சட்டத்தைப் பன்னிரண்டு வருஷ காலம், ஆட்சி கவிழ்ந்தும் நீதிமன்றம் தள்ளியும், விடாமற் பற்றி நின்றதே. அச்சட்டத்தின் வழியாக அவரைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலப்புழைக்கு வடக்கே, கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான பூமி சேர்த்தலைத் தாலுகா. தென்னையும் கயிற்றுத் தொழிலுமே அங்குள்ளோருக்கு ஜீவனோபாயம். அத்தாலுகாவிலுள்ள பட்டணக்காடு என்னும் கிராமத்தில், ஈழவ சமூகத்தில், 1919ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் தேதி கௌரி பிறந்தார். ஸ்ரீ நாராயண குருவின் இயக்கம் மூட்டிய விழிப்பினால் ஈழவ மக்கள் கல்வியிலும் பொது வாழ்விலும் தமக்குரிய இடத்தைக் கேட்டு வாங்கத் தலைப்பட்டிருந்த காலம் அது. எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பையும் திருவனந்தபுரத்தில் சட்டப் படிப்பையும் முடித்து, அச்சமூகத்தின் முதற் பெண் சட்டப் பட்டதாரி என்னும் பெயரையும் பெற்று, அவர் வக்கீல் தொழிலில் இறங்கினார். 1946 அக்டோபரில், திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த தொழிலாளர் புன்னப்புரையிலும் வயலாரிலும் பட்டாளத்தின் குண்டுகளுக்கு இரையானார்கள்; அந்த வயலார், பட்டணக்காட்டுக்கு அண்டை ஊர். 1948ல் பி. கிருஷ்ண பிள்ளையின் மூலம் அவர் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்தார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்துத் திருவிதாங்கூரில் அவ்வருஷம் நடந்த தேர்தலில் நின்று தோற்றார். சிறை புகுந்து அடியும் வதையும் பட்டார். பின்னர் 1952லும் 1954லும் வெற்றி பெற்று, தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களிலிருந்து வந்த பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த அச்சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் இடம் பெற்றார்.

அவர் பிற்காலத்தில் இயற்ற நேர்ந்த சட்டத்தின் அருமையை உணர வேண்டுமானால், அன்றைய கேரளத்தில் நிலத்தின்மீது எத்தனை பேருடைய பாத்தியதைகள் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன என்பதைச் சற்றே நின்று கவனித்தல் வேண்டும். உச்சியில் ஜன்மி, அந்த உரிமை நம்பூதிரி இல்லத்துக்கோ, கோவிலகத்துக்கோ, தேவஸ்வத்துக்கோ உரியதாக இருக்கும். அதன் கீழே, முன்பணம் கட்டி நிலத்தைப் பெற்ற காணக்காரர். தரிசைத் திருத்தித் தென்னையும் கமுகும் வைத்து அதனால் அனுபோகம் அடைந்த குழிக்காணக்காரர். யாதொரு பிடிமானமும் இன்றி வருஷந்தோறும் பாட்டம் அளந்து பயிரிட்ட வெறும்பாட்டக்காரர். இவையும் நாடெங்கும் ஒரே விதமாக இருந்தனவல்ல. திருவிதாங்கூரில் 1865ஆம் வருஷத்துப் பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தைப் பயிரிட்ட குடியானவர்களுக்கு உடைமை தந்திருந்தது. கொச்சிக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலபாரிலோ, பிரிட்டிஷ் நீதிமன்றங்களின் தீர்ப்புகளால் ஜன்மியின் கை முன்னிலும் ஓங்கியிருந்தது. மூன்று பிரதேசங்கள், மூன்று சட்ட மரபுகள், எண்ணிறந்த குத்தகை வகைகள் ஆகிய இவையனைத்தையும் ஒரே மசோதாவுக்குள் அடக்க வேண்டியிருந்தது.

இந்த அடுக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில், குத்தகை என்ற பெயருக்குக்கூட உரியதல்லாத ஒரு நிலை இருந்தது. அதுவே குடிகிடப்பு. சொந்தமாக ஒரு சாண் பூமியும் இல்லாத தொழிலாளி, ஜன்மியின் அல்லது வேறு நிலவுடைமையாளரின் தென்னந்தோப்பின் ஓரத்தில், அவர் காட்டிய இடத்தில், ஓலையால் ஒரு குடிசை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வாழ்வான். வாடகை பெரும்பாலும் இல்லை. ஆனால் அழைத்த நேரத்தில் அவன் வேலைக்குச் செல்ல வேண்டும், கொடுத்த கூலியைப் பெற்றுக்கொள்ள வேண்டும், தோப்பைக் காவல் காக்க வேண்டும். அவன் குடிசை வாசலில் நிற்கும் தென்னையின் ஒரு காய்கூட அவனுடையதன்று. எஜமானருக்கு விரோதமான ஒரு கூட்டத்துக்குச் சென்றாலோ, கூலியை உயர்த்திக் கேட்டாலோ, மறுநாளே குடிசையைப் பிரித்துக்கொண்டு அவன் வெளியேற நேரும். கூலிக்கான போராட்டமும், வாக்குரிமையும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் சுதந்திரமும் குடியிருக்கும் இடத்தின் ஸ்திரத்தைப் பொறுத்தே நின்றன. சேர்த்தலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இந்நிலையில் வாழ்ந்தவர்கள் ஏராளம். நிலச் சீர்திருத்தம் என்றால் உழுபவனுக்கு நிலம் என்று பொதுவாகப் பேசுவது எங்கும் உண்டு. உழுவதற்கு நிலமே பெறாத, குடியிருக்கும் தரைக்கும் உரிமையற்ற மனிதனை அப்பேச்சு பல இடங்களில் மறந்துவிட்டது. கேரளத்துச் சட்டம் அவனை மறக்கவில்லை. கௌரியம்மாவின் சாதனையில் தலையாயது இதுவே என்பது என் துணிபு.

1957ஆம் வருஷத் தேர்தலில் 126 ஸ்தானங்களில் 60 ஸ்தானங்களைக் கம்யூனிஸ்டுக் கட்சி கைப்பற்றியது. சுயேச்சைகள் ஐவரின் துணையோடு, ஏப்ரல் 5ஆம் தேதி ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட்டின் தலைமையில் பதினொருவர் அடங்கிய மந்திரிசபை பதவியேற்றது. அவர்களுள் ஒரே பெண், முப்பத்தேழு வயதினரான கௌரி. வருவாய் இலாகா அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறே நாட்களில், ஏப்ரல் 11ஆம் தேதி, குத்தகைக்காரரையும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. இவ்வேகம் வெறும் ஆர்வத்தின் விளைவன்று. நிலச் சட்டம் வரப்போகிறது என்ற செய்தி பரவினால் அச்சட்டம் வருவதற்குள் நிலவுடைமையாளர் குடிகளை அப்புறப்படுத்திவிடுவர் என்பதும், அதன் பின் எவ்வளவு உயரிய சட்டம் வந்தாலும் அதனாற் பயனடைய நிலத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார் என்பதும், ஜில்லா கோர்ட்டுகளின் வழக்காற்றை அறிந்த எவருக்கும் தெரிந்திருந்தது. முதலில் இருப்பவனை இருந்த இடத்தில் நிறுத்து, பிறகு அவனுக்கு உரிமையை வகுத்துக் கொடு என்னும் அந்த முறையிலேயே ஒரு வக்கீலின் அறிவு புலப்படுகிறது.

அவ்வருஷம் டிசம்பரில் விவசாய உறவு மசோதா சட்டசபைக்கு வந்தது. குத்தகைக்காரருக்கு நிலையான அனுபோகம், நியாயமான பாட்டம், நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு உச்சவரம்பு, குடிகிடப்புக்காரருக்குப் பாதுகாப்பு ஆகியவற்றை அது ஒருங்கே வகுத்தது. இதனைக் கௌரி தனியொருவராக எழுதினார் என்று கூறுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. சென்னை மாகாண அரசாங்கம் மலபார்க் குடியாயம் பற்றி ஆராய அமைத்த குழுவின் அங்கத்தினராக இருந்து 1940ல் தனியே மாறுபட்ட குறிப்பு எழுதியவர் நம்பூதிரிபாடு. நிதி மந்திரி சி. அச்சுத மேனனும், சட்ட மந்திரி வி. ஆர். கிருஷ்ணய்யரும் நிலப் பிரச்சினையை நன்கு அறிந்தவர்கள். ஆனால் மசோதாவைச் சபையில் முன்வைத்து, பொறுக்குக் குழுவின் வழியாகவும், ஷரத்து ஷரத்தாக நடந்த விவாதத்தின் வழியாகவும் நடத்திச் சென்று, 1959 ஜூன் 10ஆம் தேதி நிறைவேறச் செய்த பொறுப்பு வருவாய் மந்திரியுடையது. இரண்டு நாள் கழித்து, அதே மந்திரிசபை கொண்டுவந்த கல்விச் சட்டத்தையும் நில மசோதாவையும் எதிர்த்தவர்கள் ஒன்றுகூடிய விமோசனப் போராட்டம் தொடங்கிற்று. ஜூலை 31ஆம் தேதி மத்திய அரசாங்கம் மந்திரிசபையைக் கலைத்தது. ஜனாதிபதியின் சம்மதம் பெறாமலேயே மசோதா நின்றுபோயிற்று.

இதன் பின் அம்மசோதா பட்ட பாடு நெடியது. 1960ல் வந்த காங்கிரஸ் கூட்டணியின் காலத்தில் ஜனாதிபதி அதனைத் திருப்பி அனுப்ப, திருத்தங்களோடு மீண்டும் நிறைவேறி, 1961 ஜனவரியில் சட்டமாயிற்று. அவ்வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முன்பு சென்னை மாகாணத்தின் தென் கன்னட ஜில்லாவைச் சேர்ந்திருந்து கேரளத்தோடு இணைந்த காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்களின் ரயத்துவாரி நிலங்களுக்கு அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. காங்கிரஸ் அரசாங்கம் 1963ல் வேறொரு சட்டத்தை நிறைவேற்றிற்று. பழைய மசோதாவின் கூர்மை அதில் மழுங்கியிருந்தது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து இவற்றையெல்லாம் கண்டுகொண்டிருந்த கௌரி, 1965ல் அரூர் தொகுதியிலிருந்து வென்றும், எவருக்கும் பெரும்பான்மை இன்மையால் கூடாமலே கலைந்த சபையின் அங்கத்தினராக நின்றார். 1967ல் நம்பூதிரிபாட்டின் இரண்டாம் மந்திரிசபை அமைந்தபோது வருவாய் இலாகா மறுபடியும் அவரிடமே வந்தது.

பத்து வருஷத்து அனுபவம் கற்பித்தவை அனைத்தையும் 1969ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தில் காணலாம். குத்தகைக்காரர் விண்ணப்பித்து வழக்காடி உரிமை பெறட்டும் என்று விடாமல், ஒரு குறிப்பிட்ட தினத்தில் ஜன்மியின் உரிமை முழுவதும் அரசாங்கத்தைச் சாருமாறும், அங்கிருந்து குடியானவரைச் சேருமாறும் அது விதித்தது. ஐவர் வரையுள்ள குடும்பத்துக்குப் பத்து ஸ்டாண்டர்டு ஏக்கர் என உச்சவரம்பு இறங்கிற்று. குடிகிடப்புக்காரர் பஞ்சாயத்துப் பிரதேசத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட், மாநகராட்சியில் மூன்று சென்ட் நிலத்தைச் சந்தை விலையின் காற்பங்குக்கு மேற்படாத தொகையில், அதுவும் தவணைகளில் செலுத்தி, சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. சபை அதனை ஏற்ற சில நாட்களுக்குள் அம்மந்திரிசபையும் கவிழ்ந்தது. 1970 ஜனவரி முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது முதன்மந்திரியாக இருந்தவர் அச்சுத மேனன். இரு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் இந்தப் பெருமை தத்தமதே என்று இன்றளவும் வாதாடி வருகின்றன; அமலாக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை 2020ல் கொண்டாடியபோதும் அவ்வாதம் எழுந்தது. சட்டத்தை வடித்து நிறைவேற்றியவர் ஒரு பக்கத்தில் இருந்தார், அமல் நடத்தியவர் மறுபக்கத்தில் இருந்தார் என்பதே உண்மை. இருவருக்கும் உரியதை இருவருக்கும் அளிப்பதில் எவருக்கும் நஷ்டமில்லை. அதே ஜனவரியில், ஆலப்புழையில் கூடிய மாநாட்டின் அழைப்பை ஏற்று, குடிகிடப்புக்காரர்கள் தங்கள் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட்டை அளந்து தாமே வேலி கட்டினார்கள். அதற்குள் நின்ற தென்னையில் தாமே ஏறிக் காய் பறித்தார்கள். எதிர்ப்பும் அடிதடியும் வழக்கும் நேர்ந்தன. சட்டப் புத்தகத்திலிருந்த பத்து சென்ட் பூமிக்கு வந்தது அவ்வாறுதான்.

இத்திருத்தச் சட்டம் இந்தியாவின் அரசியல் சாசன வரலாற்றிலும் எதிர்பாராத ஓர் இடத்தைப் பெற்றது. காசர்கோட்டுப் பகுதியிலுள்ள எடநீர் மடத்தின் அதிபதி கேசவானந்த பாரதி சுவாமிகள், மடத்தின் நிலங்கள் இச்சட்டத்தால் பாதிக்கப்படுவதை எதிர்த்து 1970ல் உச்ச நீதிமன்றம் சென்றார். பார்லிமெண்டு 29ஆவது திருத்தத்தின் மூலம் இச்சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையிற் சேர்த்துக் காப்பாற்றிற்று. பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரித்த அவ்வழக்கில், 1973 ஏப்ரல் 24ஆம் தேதி, சாசனத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று எழுவர் ஒருபுறமும் அறுவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வெளிவந்தது. இத்தீர்ப்பைப் பயிலாத சட்ட மாணாக்கர் இல்லை. ஆனால் அவ்வழக்குக்குக் காரணமான சட்டத்தைச் சட்டசபையில் நடத்தியவர் சேர்த்தலைத் தாலுகாவின் ஒரு பெண் வக்கீல் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

சட்டத்தின் பெருமையைக் கூறியவன் அதன் குறைகளையும் கூறக் கடமைப்பட்டவன். 1957க்கும் 1970க்கும் இடையே கழிந்த காலத்தில், பெரிய நிலவுடைமையாளர் பலர் பாகப்பிரிவினையாலும் தானத்தாலும் விற்பனையாலும் தங்கள் நிலத்தைச் சிதறச் செய்துவிட்டமையால், மிச்சபூமி என்று அங்கு வழங்கும் உபரி நிலம் எதிர்பார்த்ததினும் வெகு குறைவாகவே அரசாங்கத்தின் கைக்கு வந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மலைநாட்டின் விசாலமான பூமி அவ்வாறு தொடப்படாமலே நின்றது. குத்தகைக்காரராக இருந்த இடைநிலைச் சமூகத்தார் விளைநிலத்துக்கு உடையவரானார்கள். தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தின் சேற்றில் நின்று உழைத்த புலையரும் பறையரும் பெற்றது குடியிருப்புக்கான சில சென்ட் மட்டுமே. வெளியேற்றப்படும் பயத்திலிருந்து அது அவர்களை விடுவித்தது மெய். ஆனால் நிலத்தின் பலனில் அவர்களுக்குப் பங்கு தரவில்லை. ஆதிவாசிகளின் நிலையோ இன்னும் பரிதாபகரமானது. குடியேறிகளிடம் அவர்கள் பூமியை இழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் கேரளம் தன் நிலச் சீர்திருத்தத்தைக் கொண்டாடியது. இக்குறைகளுக்குக் கௌரியம்மா ஒருவரையே பொறுப்பாக்குவது தகாது; எனினும் சட்டத்தின் புகழில் பங்குடையவருக்கு அதன் இடைவெளியிலும் பங்கு உண்டு.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். 1967ஆம் வருஷத்து மந்திரிசபையில், பிரிந்துவிட்ட தம்பதியர் இருவரும் இரு கட்சிகளின் சார்பில் மந்திரிகளாக அமர்ந்திருந்தனர். தாமஸ் 1977ல் மறைந்தார். அவ்வருஷத் தேர்தலில் கௌரியம்மா தோற்று, 1980ல் மீண்டு, நாயனார் தலைமையேற்ற இரு மந்திரிசபைகளிலும் இடம் பெற்றார். 1987க்குப் பின் தொழில் துறையையும் சமூக நலத் துறையையும் நிர்வகித்த காலத்தில் மகளிர் கமிஷனுக்கான சட்டம் உருவாயிற்று. கட்சித் தலைமையோடு உறவு நாளுக்கு நாள் கசந்து, கட்சிக் கட்டுப்பாட்டை மீறினார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 1994ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அவர் நீக்கப்பட்டார். எழுபத்து நான்காம் வயதில் ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதி என்னும் புதிய கட்சியைத் தோற்றுவித்து, தாம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்ற காங்கிரசின் கூட்டணியிற் சேர்ந்து, 1996லும் அரூரில் வென்றார்.

அந்தச் சபையில் அவர் செய்த ஒரு காரியம், 1957ன் அவசரச் சட்டத்தோடு வைத்து எண்ணத்தக்கது. ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலத்தை அவர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று 1975ல் கேரள சட்டசபை ஏகமனதாக ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதற்கான விதிகள் 1986 வரை வகுக்கப்படவேயில்லை. 1993ல் உயர் நீதிமன்றம் அமல் நடத்துமாறு ஆணையிட்ட பின்னும் அரசாங்கங்கள் காலம் கடத்தின. குடியேறிய விவசாயிகளின் வாக்குகள் எல்லாக் கட்சிகளுக்கும் இன்றியமையாதவை. ஆதிவாசிகளோ தொகையிற் சிறியவர்கள். இறுதியில், பறிபோன நிலத்தைத் திருப்பாமல் வேறு நிலம் கொடுத்தால் போதும் என்று சட்டத்தை மாற்ற, 1990களின் பிற்பாதியில் ஆளும் அணியும் எதிரணியும் கைகோத்து மசோதாக்கள் கொண்டுவந்தபோது, அச்சபையில் அவற்றை எதிர்த்து எழுந்த ஒரே குரல் கௌரியம்மாவுடையது. தம் சொந்தக் கூட்டணிக்கும் விரோதமாக, எந்த வாக்காளரிடமிருந்தும் பிரதியுபகாரம் எதிர்பாராமல் நின்றார். அரூர் ஆதிவாசிகளின் தொகுதியன்று. இருப்பவனை இருந்த பூமியிலிருந்து பெயர்த்துவிட்டு வேறிடம் காட்டுவது உரிமையாகாது என்பதே குடிகிடப்புச் சட்டத்தின் உள்ளுயிர். அவ்வுயிரை அவர் எதிர்ப்பிலும் நான் காண்கிறேன்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 2001ல் ஏ. கே. அந்தோணியின் மந்திரிசபையில் அவர் விவசாய மந்திரியானார். அவ்வருஷமே நிலம் கேட்டு ஆதிவாசிகள் தலைமைச் செயலகத்தின் முன் குடில் கட்டி அமர்ந்து அரசாங்கத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்; அது நிறைவேறாமையால் 2003 பிப்ரவரியில் வயநாட்டின் முத்தங்கா வனத்தில் குடியேறியிருந்தபோது போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது; ஆதிவாசி ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் உயிரிழந்தனர். அக்கூட்டணியின் மந்திரியாகக் கௌரியம்மா 2006 வரை நீடித்தார். தனி அங்கத்தினராக நின்றபோது கூற முடிந்ததை மந்திரிசபையின் கூட்டுப் பொறுப்புக்குள் இருந்தபோது அவரால் செயலாக்க இயலவில்லை. அவர் வாழ்வில் என்னை மிகவும் வருத்துவது 1987ன் ஏமாற்றமன்று, இதுவே.

2006ல் அரூரிலும் 2011ல் சேர்த்தலையிலும் அவர் தோற்றார். அவர் எதிர்த்த அந்த ஆதிவாசி நில மசோதாக்களின் வழியே வந்த 1999ஆம் வருஷத்து மாற்றுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. மேல்முறையீட்டில், 2009 ஜூலையில், உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய ஏற்பாட்டைச் செல்லும் என்று உறுதி செய்தது. இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவர்களிடம் அந்த நிலம் நிலைத்தது. ஈடாக வேறு நிலம் அளிக்கும் கடமை கேரள அரசாங்கத்தின்மீது விழுந்தது. கண்ணூர் ஜில்லாவின் ஆறளம் பண்ணை முதலிய இடங்களில் அவ்வாறு நிலம் பெற்ற ஆதிவாசிக் குடும்பங்கள் காட்டு யானைகளுக்கு அஞ்சி வாழ்கின்றன; அட்டப்பாடியில் பலருடைய மனுக்கள் இன்னும் தீரவில்லை.